துண்டு போட்ட இடம்

அங்க உட்காராதீங்க தம்பி, ஆள் வருது. துண்டு போட்டிருக்கேன் பாருங்க. பச்சைக் கரைத் துண்டு, கண்ணுல படலையா? ஜன்னல் வழியா எக்கிப் போட்டேன், தோள்பட்டை இன்னும் வலிக்குது. இந்த வயசுல, இந்தக் கூட்டத்துல ரெண்டு இடம் பிடிக்கிறதுன்னா சும்மாவா? தப்பா நினைச்சுக்காதீங்க. நம்ம நண்பர் ஒருத்தர் வர்றாரு. தசரதன்னு பேரு, பேப்பர்ல போட்டோகிராபர். டீ குடிச்சுட்டு வர்றேன்னாரு. இதோ வந்துருவாரு. நீங்க அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, முன்னாடி யாராவது இறங்கினா இடம் கிடைச்சுரும்.

அட, வண்டியை எடுத்துட்டானே! கண்டக்டர் சார், ஒரு ஆள் வரணும் சார்! கேட்கிறானா பாருங்க. காதுல விழாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிறான்.

பரவாயில்ல. தசரதன் பைக்ல எங்கயாவது குறுக்க வந்து அடுத்த ஸ்டாப்ல ஏறிருவாரு. நீங்க நில்லுங்க. அவசரப்படாதீங்க.

போன் எடுக்க மாட்டேங்கிறாரே. மூணு ஸ்டாப் தாண்டியாச்சு. ஹலோ? ஹலோ, தசரதா! எங்கய்யா இருக்கே? என்னது? முட்டியா? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு உன் முட்டி? இப்ப பஸ்ல உட்கார்ந்தப்புறம் சொல்றியே! எந்த பிளாக்னாவது சொல்லு. தெரியாதா? படம் எடுத்தவன் நீதானே! சரி, வை. வைய்யா போனை.

வரலையாம். மூட்டு வலியாம். மழுப்புறான். சரி, நீங்க உட்காருங்க தம்பி. துண்டை இப்படிக் கொடுங்க, மடியில வச்சுக்கிறேன். நின்னு நின்னு கால் கடுத்துப் போயிருக்குமே. வேலை முடிச்சுட்டு வர்றீங்களா? வாட்ச்மேன் வேலையா? நேத்து ராத்திரியும் பார்த்து, மாத்த ஆள் வரலன்னு பகலும் பார்த்துட்டு வர்றீங்களா? அட பாவமே. அதுக்குத்தான் சொல்றது, முன்னாடியே வந்து ஒரு துண்டைப் போட்டுரணும்.

துண்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஞாபகம் வருதென்ன, அதுக்காகத்தானே நான் இந்த பஸ்லயே ஏறியிருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க நாவலேரி போக. கேட்கிறீங்களா? தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வர்றேன்.

என் பேரு திருவேங்கடம். தெரிஞ்சிருக்காது. ஆனா சேதி மாமான்னா தெரியும். தெரியாதா? புதன்கிழமை பேப்பர்ல சிறுவர் பக்கம் வருமே, அதுல இடது ஓரமா ஒரு கட்டம் கட்டி, மீசை வச்ச ஒரு படம் போட்டு, 'சேதி மாமாவைக் கேளுங்கள்'னு? அது நான்தான். மீசை கிடையாது எனக்கு, படத்துல போட்டுட்டாங்க. பதினாறு வருஷம் எழுதினேன். போன மாசம் ரிட்டயர் ஆனேன். மத்த நாளெல்லாம் துணை ஆசிரியர் வேலை, தலைப்பு போடறது, பிழை திருத்தறது. அதையெல்லாம் யார் வேணா செய்யலாம் தம்பி. சேதி மாமா வேலையை வேற ஒருத்தன் செஞ்சுர முடியாது.

என்ன செய்வேன்னா, வாரத்துல பெரிய செய்தி ஒண்ணு எடுத்துக்குவேன். அதுல பிள்ளைங்களுக்குப் புரியாத வார்த்தை ஒண்ணு இருக்கும். அதை உடைச்சுச் சொல்லுவேன். பணவீக்கம்னு ஒரு வார்த்தை. பெரியவங்களுக்கே புரியாது. நான் என்ன எழுதினேன்? 'நேற்று பத்து ரூபாய்க்கு வாங்கிய இட்லி இன்றும் பத்து ரூபாய்தான், ஆனால் தட்டில் தேட வேண்டியிருக்கிறது.' அவ்வளவுதான்! இடைக்காலத் தடைன்னு கோர்ட்டுல சொல்றாங்களே, அதுக்கு, 'அப்பா வரட்டும், அதுவரைக்கும் டிவியைத் தொடாதே என்று அம்மா சொல்வது'ன்னு எழுதினேன். ஒரு வக்கீல் போன் பண்ணி சிரிச்சாரு. எளிமைன்னா லேசுன்னு நினைக்காதீங்க. எளிமையா எழுத ஏழு தடவை அடிச்சு எழுதணும். பசங்க நாட்டு நடப்பு தெரிஞ்சு வளரணும் தம்பி. அதுதான் என் ஆசை. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது என்னை.

போன அக்டோபர்ல பெரிய மழை வந்துச்சுல்ல. ஊரே மிதந்துச்சு. அப்புறம் கோர்ட்டு உத்தரவு போட்டுச்சு, கால்வாய் கரையில இருக்கிற ஆக்கிரமிப்பை எல்லாம் எடுங்கன்னு. எந்தப் பக்கத்தைப் பிரிச்சாலும் அதே வார்த்தை. ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பு. சரி, இந்த வாரம் இதைத்தான் உடைக்கணும்னு உட்கார்ந்தேன். ஒண்ணும் வரல. அன்னிக்கு ஆபீசுக்கு பஸ்ல போறேன், என் துண்டைத் தள்ளிவிட்டுட்டு ஒருத்தன் ஜம்முனு உட்கார்ந்துட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கோபம் வந்த அதே நிமிஷம் உதாரணமும் வந்துருச்சு! மனப்பாடமா சொல்லுவேன், கேளுங்க.

'பேருந்தில் ஒருவர் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறார். அவர் வருவதற்குள் வேறொருவர் துண்டைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்கிறார். இதுதான் ஆக்கிரமிப்பு. நம் ஊர்க் கால்வாய்களின் கரையிலும் இப்படித்தான் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.'

எப்படி? ஒரு வார்த்தை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நான் தப்பா எழுதல தம்பி. அகராதியை எடுத்துப் பாருங்க, அதேதான் போட்டிருக்கும்.

ஒரு வாரத்துல கடுதாசி வந்துச்சு. இப்பல்லாம் பிள்ளைங்க கடுதாசியே எழுதறதில்ல, போன்லதான் அனுப்புதுங்க. இது நோட்டுல கிழிச்ச தாள், நீல மை, கோடு தாண்டாத எழுத்து. ஹெப்சிபான்னு ஒரு பொண்ணு. ஏழாம் வகுப்பு. பையில வச்சிருக்கேன், இருங்க, படிக்கிறேன். கண்ணாடி எங்க போச்சு... ஆங்.

'அன்புள்ள சேதி மாமாவுக்கு, உங்கள் கட்டத்தை வாராவாரம் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் வீடு கால்வாய்க் கரையில்தான் இருக்கிறது. எங்கள் அப்பா அங்கேதான் பிறந்தார். தாத்தா வந்து உட்கார்ந்தபோது அங்கே யாரும் துண்டு போட்டிருக்கவில்லை என்று அப்பா சொல்கிறார். முள்ளும் சேறும்தான் இருந்ததாம். என் சந்தேகம் என்னவென்றால், அங்கே துண்டு போட்டது யார்?'

எப்படி மடக்கிட்டா, பார்த்தீங்களா? ஏழாங்கிளாஸ்! எனக்கு மூணு நாள் தூக்கமில்ல. பதில் சொல்லாம விட்டா சேதி மாமா தோத்துட்டான்னு ஆயிரும். சாப்பிடும்போதும் அதே நினைப்பு. துண்டு போட்டது யாரு? கவர்மென்டான்னா இல்ல, கவர்மென்ட் அப்ப அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. நாலாவது நாள் பல்லு விளக்கும்போது சட்டுனு வந்துச்சு. எழுதிட்டேன். 'அன்புள்ள ஹெப்சிபா, துண்டு போட்டது தண்ணீர்! அது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வரும்போது தன் இடத்தைக் கேட்கும். இல்லையென்றால் நம் இடத்துக்கு வரும்.'

ஆபீசே கைதட்டுச்சு தம்பி. ஆசிரியர் கூப்பிட்டு, சபாஷ் திருவேங்கடம்னாரு. இருபத்தஞ்சு வருஷத்துல அவரு சபாஷ் சொன்னது ரெண்டு தடவை. பள்ளிக்கூடங்கள்ல காலைப் பிரார்த்தனையில வாசிச்சிருக்காங்க. சுற்றுச்சூழல் ஆளுங்க பாராட்டி எழுதினாங்க. பொண்ணு பேரு, வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் போட்டுத்தான் பிரசுரம் பண்ணினேன். அதுதான் வழக்கம். பேப்பர்ல பேரு வந்தா பிள்ளைங்களுக்கு ஒரு குஷி. வெட்டி வீட்டுல மாட்டி வச்சுக்கும்.

ஆமா, கடுதாசியையும் போட்டேன், முழுசா. ஏன்? கடுதாசி இல்லாம பதில் எப்படிப் புரியும்?

நீங்க ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் அந்த ஜனங்களைக் குறை சொல்லல. ஆனா உள்ளதைச் சொல்லணும்ல. கொக்கி போட்டு கரண்ட் எடுக்கிறது, குப்பையைக் கால்வாய்ல கொட்டறது, இதெல்லாம் இருக்குல்ல? எங்க தெருவுல அப்படிக் கிடையாது. எல்லாம் பட்டா வீடு. ஒரு தடவை மழைநீர் வடிகால் கட்டறேன்னு வந்து, என் வீட்டு வாசப்படியையும் சாய்தளத்தையும் இடிக்கணும்னாங்க. ரெண்டரை அடிதான் தெருவுல இருக்கு. வண்டி ஏத்தணும்ல? தெருவுல எல்லாருந்தான் போட்டிருக்காங்க. கவுன்சிலர் தெரிஞ்சவரு, ஒரு போன் போட்டேன், வடிகாலை வளைச்சுக் கட்டிட்டுப் போயிட்டாங்க. அது வேற தம்பி. அது வசதிக்குப் போட்டது.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ரெண்டாவது கடுதாசி. அது நவம்பர் கடைசியில வந்துச்சு. இதைப் படிக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும், நீங்களே படிக்கிறீங்களா? கண்ணாடி கொண்டு வரலையா? சரி, நானே படிக்கிறேன்.

'அன்புள்ள சேதி மாமாவுக்கு, என் பெயர் பேப்பரில் வந்தது. நன்றி. நான் கால்வாய்க் கரையில் இருப்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. பாலத்துக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். இப்போது எல்லோருக்கும் தெரியும். நான் வருவதற்குள் என் பெஞ்சில் கைக்குட்டை போட்டு வைக்கிறார்கள். தண்ணி வருது, எழுந்திரு என்கிறார்கள். டீச்சரிடம் சொன்னேன், விளையாட்டுக்குத்தானே என்றார். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தரையில் உட்காருகிறேன். மாமா, எங்கள் எதிர்க்கரையில் பெரிய கல்யாண மண்டபம் இருக்கிறது. கார் நிறுத்துகிற இடம் கால்வாய்க்குள்ளேயே வந்திருக்கிறது. அங்கே தண்ணீர் துண்டு போடவில்லையா? இதையும் ஒரு வாரம் எழுதுங்கள். நீங்கள் எழுதினால் என் பெஞ்சைக் கொடுத்துவிடுவார்கள்.'

நீங்கள் எழுதினால் என் பெஞ்சைக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பொண்ணு கேட்டது அவ்வளவுதான் தம்பி. வீட்டைக் காப்பாத்துங்கன்னு கேட்கல. கோர்ட்டுக்குப் போங்கன்னு கேட்கல. பெஞ்சைத்தான் கேட்டா.

எழுதினேன். ஏன் எழுதாம? ஒரே மூச்சுல எழுதினேன். எட்டு வரி. 'துண்டு எல்லாக் கரையிலும் ஒன்றுபோலத்தான் விழ வேண்டும். வகுப்பறை பெஞ்ச் யாருடைய கால்வாயும் இல்லை'ன்னு முடிச்சேன். நல்லா வந்திருந்துச்சு. ஆசிரியர்கிட்ட கொண்டுபோய் நீட்டினேன். படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. அவரு கண்ணாடியைக் கழட்டினா வேணாம்னு அர்த்தம். 'அந்த மண்டபத்து விளம்பரம் ஞாயித்துக்கிழமை எத்தனாவது பக்கத்துல வருது திருவேங்கடம்?'னாரு. மூணாம் பக்கம், கால் பக்கம். 'குழந்தைங்க பக்கத்துல எதுக்கு சர்ச்சை? ஏதாவது பறவை, விலங்குன்னு எழுதுங்களேன்'னாரு.

நானும் சரின்னுட்டேன். என்ன பண்ணச் சொல்றீங்க? ரிட்டயர் ஆக ஏழு மாசம் இருந்துச்சு. சண்டை போட்டா பக்கத்தையே வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. அப்புறம் மத்த பிள்ளைங்களுக்கு நாட்டு நடப்பை யாரு சொல்லுவா? ஒரு பிள்ளைக்காக அத்தனை பிள்ளைங்களையும் விட முடியுமா? இதெல்லாம் யோசிச்சுத்தான் சரின்னேன். அந்த வாரம் வலசைன்னு எழுதினேன். பறவைங்க ஒரு இடத்துல இருந்து கிளம்பி ரொம்ப தூரம் போறது. பசங்க நிறையப் பேரு படம் வரைஞ்சு அனுப்பினாங்க.

கடுதாசியை மேஜை டிராயர்ல வச்சேன். அப்புறம் பார்க்கலாம்னு. டிராயர்ல வச்சது வச்சதுதான்.

பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் கரையை இடிச்சாங்க. தசரதன்தான் படம் எடுத்துட்டு வந்தான். மண்ணை வார்ற வண்டி, போலீஸ், சாமான் செட்டெல்லாம் ரோட்டுல. கட்டில் ஒண்ணு ரோட்டோரத்துல கிடக்கு, அதுல ஒரு பொண்ணு, பள்ளிக்கூட யூனிஃபார்ம், கண்ணாடி, மடியில புத்தகப் பை. அந்தப் படத்துக்குத் தலைப்பு போட வேண்டியது யாரு? நான்தான். நான் என்ன போட்டேன் தெரியுமா? 'ஆக்கிரமிப்பு அகற்றம்.'

இடம் பத்தலன்னு சொல்லலாம், எங்க தொழில்ல அது ஒரு சாக்கு. ஆனா இதுல அதுவும் சொல்ல முடியாது. ரிட்டயர் ஆனப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 'ஆக்கிரமிப்பு அகற்றம்', பன்னெண்டு எழுத்து. 'வீடுகள் இடிப்பு', எட்டுதான். சின்னது. தாராளமா கொள்ளும். ஆனா கை தானா அடிச்சுருச்சு தம்பி. முப்பத்தோரு வருஷப் பழக்கம். மனசைக் கேட்டுக்கிட்டா கை அடிக்குது?

அந்தப் பொண்ணு ஹெப்சிபாதான்னு நான் சொல்லல. கரையில எத்தனையோ பொண்ணுங்க. நான் முகத்தைப் பார்த்தது கிடையாது. அவளா இருக்கணும்னு என்ன இருக்கு?

சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. அதுக்கப்புறம் ஒரு கடுதாசி எழுதினேன். பேப்பர்ல இல்ல, தபால்ல, என் சொந்தக் கையெழுத்துல. பேப்பர்காரன் வாசகருக்குத் தனியா பதில் எழுதற வழக்கமே கிடையாது. என்ன எழுதினேனா? 'உன் கேள்வி நல்ல கேள்வி. பெரியவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. மனம் தளராமல் படி'ன்னு எழுதினேன். வேற என்ன எழுதறது சொல்லுங்க? பத்து நாள்ல திரும்பி வந்துருச்சு. இதோ பாருங்க, இந்த உறைதான். சாதாரணமா தபால்காரரு என்ன எழுதுவாரு? 'இடம் மாறிப் போய்விட்டார்'னு எழுதுவாரு. இதுல பாருங்க, சிவப்பு மையில, ரெண்டே வார்த்தை. 'வீடு இல்லை.'

நான் பதினாறு வருஷம் எளிமையா எழுதினேன்னு பீத்திக்கிட்டேனே, அந்த மனுஷன் எழுதினதைப் பாருங்க.

போன மாசம் டிராயரைக் காலி பண்ணும்போதுதான் ரெண்டு கடுதாசியும் கையில தட்டுப்பட்டுச்சு. அன்னியில இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. வீட்டுல சோறு இறங்கல. என் சம்சாரம், 'ஒரு சின்னப் பொண்ணு கேட்டதுக்கு இப்படியா, விடுங்க'ங்கிறா. விட முடியல. கரையில இருந்தவங்களை எல்லாம் நாவலேரி குடியிருப்புலதான் கொண்டுபோய் வச்சிருக்காங்கன்னு தசரதன் சொன்னான். சரி, நேர்லயே போய் அவகிட்ட சொல்லிருவோம்னு கிளம்பிட்டேன். நீ கேட்டது சரி, நான் சொன்னதுதான் தப்புன்னு. அதை அவ காதுபடச் சொல்லிட்டாப் போதும். அவளுக்கு அந்த பெஞ்சு திரும்பக் கிடைக்காது, தெரியும். ஆனா புதுப் பள்ளிக்கூடத்துல ஒரு பெஞ்சு இருக்கும்ல? அதுல நிமிர்ந்து உட்காருவால்ல?

மூவாயிரம் வீடாமே அங்க? பிளாக் நம்பர் தெரியாம எப்படித் தேடறது? நீங்க வழியில எங்க இறங்குறீங்க தம்பி? கேட்கவே இல்ல பாருங்க நான்.

நாவலேரியா?

நீங்களும் அங்கதானா? எப்ப வந்தீங்க? எந்தக் கரை? பாலத்துக்கு அந்தாண்டைப் பக்கமா.

தம்பி, நான் அப்ப சொன்னேனே, கொக்கி போடறதுன்னு... அது பொதுவா சொன்னது. உங்களைச் சொல்லல. நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் கேட்கல. ஆமா, நான் கேட்கல. அப்ப இந்த பஸ்ல இருக்கிறவங்க எல்லாம்? முன்னாடி பூக்கூடையோட உட்கார்ந்திருக்காங்களே, அவங்க? அந்தப் பெரியவரு? எல்லாரும் அங்கதானா?

என்ன கேட்டீங்க? பொண்ணு பேரா? ஹெப்சிபா. அப்பா மூட்டை தூக்கறவரு, ஏசுபாதம்னு கடுதாசி பின்னாடி எழுதியிருக்கா. கண்ணாடி போட்ட பொண்ணான்னு எனக்குத் தெரியாதே. நான்தான் பார்த்ததில்லையே. என்ன? எப்பவும் பேப்பரும் கையுமா? பேப்பரை எட்டா மடிச்சு ஒரு கையில பிடிச்சுக்கிட்டு நிக்குமா? எங்க நிக்கும்?

இந்த பஸ்லயா?

காலைல நாலே முக்கால் வண்டியிலயா? பழைய பள்ளிக்கூடத்துக்கா? இவ்வளவு தூரத்துல இருந்தா? அது சரி, நடு வருஷத்துல இடிச்சா அந்தப் பிள்ளை வேற என்ன செய்யும். பரீட்சை வரைக்கும் அங்கயே போய்ட்டு வரலாம்னு நினைச்சிருக்கும். ஆனா தம்பி, நாவலேரிதானே முதல் ஸ்டாப்? வண்டி அங்க இருந்துதானே கிளம்புது? வண்டி காலியாத்தானே நிக்கும்? அப்புறம் அந்தப் பொண்ணு ஏன் நிக்கணும்?

சொல்லுங்க. என் மடியில எதைக் காட்டுறீங்க?

துண்டா.

எல்லா சீட்டுலயுமா? டிரைவர் வண்டியைக் கொண்டாந்து நிறுத்தும்போதே ஜன்னல் வழியாவா? வேலைக்குப் போற ஆளுங்க, பின்னால வர்ற சொந்தக்காரங்களுக்கு, அக்கம்பக்கத்துல இருக்கிறவங்களுக்கு... துண்டு, பை, சாப்பாட்டுக் கூடை. சரி. ரெண்டு மணி நேரமும் நின்னுக்கிட்டேவா? யாருமே தள்ளி இடம் கொடுக்கலையா? ஏழாங்கிளாஸ் பிள்ளைக்கு?

பகல் ஷிப்டுக்குப் போறப்ப நீங்களும் போட்டீங்களா? யாருக்கு? வீட்டம்மாவுக்கா. அவங்களுக்கு இடுப்பு வலி. நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறாங்க. பாவம், நிக்க முடியாது. சில நாள் அவங்க வரலையா? வரலன்னாலும் துண்டு கிடக்குமா? எங்கயாவது குறுக்க வந்து ஏறிருவான்னு பார்த்துக்கிட்டு, நாலு ஸ்டாப் வரைக்கும். அந்தப் பிள்ளை பக்கத்துலயே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். உட்காரட்டுமான்னு கேட்காதா?

ஒரு தடவை கேட்டுச்சா? நீங்க என்ன சொன்னீங்க?

'ஆள் வருது'ன்னு சொன்னீங்களா.

அழாதீங்க தம்பி. எல்லாரும் பார்க்கிறாங்க. நானும் அதையேதானே உங்ககிட்ட சொன்னேன், ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி. ரெண்டு ஷிப்டு நின்னுட்டு வந்த மனுஷனை, வராத ஆளுக்காக மூணு ஸ்டாப் நிக்க வச்சேன். முழங்கால் வலி தெரியாதவனா நான்? எனக்கும் வயசாச்சு. இருந்தும் நிக்க வச்சேன்.

இப்ப அவ எந்தப் பள்ளிக்கூடம்? போறதில்லையா? மார்ச்சுல ஒரு நாள் இந்த பஸ்லயே மயக்கம் போட்டு விழுந்துச்சா? பேப்பரு தனியா, கண்ணாடி தனியா... யார் தூக்கினது? நீங்களா? அதோட சரியா? இப்ப ஜூலை ஆச்சே தம்பி! இங்க இருக்கிற பள்ளிக்கூடத்துல சேர்க்கலையா? டி.சி. வேணுங்கிறாங்களா? அதுக்குப் பழைய பள்ளிக்கூடம் போனா அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்றாங்க, அப்பாவுக்கு ஒரு நாள் வேலை போனா வீட்டுல அடுப்பு எரியாது. தம்பியைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்கா. ஓகோ.

யாரையாவது தெரியுமான்னா கேட்கிறீங்க? கல்வி ஆபீசுலயா? எனக்கு யாரைத் தெரியும் தம்பி? முப்பத்தோரு வருஷம் பேப்பர்ல இருந்தேன், நிஜமா சொல்றேன், எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அந்தக் கவுன்சிலரா? அவரு... அவரு எங்க தெருவுக்குத்தான். இதுக்கெல்லாம் அவரு வருவாரா என்ன? கேட்கலாம். கேட்டுப் பார்க்கலாம். போன்ல நம்பர் இருக்கு. இருக்குல்ல? இருக்கு. ஆனா நான் இப்ப ரிட்டயர்டு ஆளு தம்பி. பேப்பர்காரன்னாத்தான் அவரு எடுப்பாரு.

அந்தப் பொண்ணுகிட்ட போய் நான் என்னன்னு சொல்றது? நீ கேட்டது சரின்னு சொல்லலாம்னுதானே வந்தேன். அவ கேட்டது சரின்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே நாலே முக்கால் வண்டியில நின்னுக்கிட்டே போனா. என்னைத் தெரிஞ்சுக்குவாளா? படத்துல மீசை இருக்கும், நேர்ல இல்ல. சேதி மாமான்னு சொன்னா, கதவைத் திறப்பாளா? நீங்க கூட வர்றீங்களா? வரமாட்டீங்களா? அவ முகத்துல முழிக்க முடியலையா உங்களுக்கு? அது சரி. எந்த பிளாக்குன்னாவது சொல்லுங்க. பதினேழு. மூணாவது மாடி. லிப்ட் ஓடாது. சரி, ஏறிருவேன்.

வந்துருச்சா? இதுவா நாவலேரி? அப்பா, என்ன உயரம்! எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இறங்குங்க, நீங்க முன்னாடி இறங்குங்க. பையை எடுத்துக்கிட்டேன், கடுதாசி இருக்கு, உறை இருக்கு, கண்ணாடி இருக்கு.

என்ன தம்பி? கூப்பிட்டீங்களா? துண்டா? சீட்டுலயே நழுவி விழுந்துருச்சா. கிடந்துட்டுப் போகட்டும், விடுங்க. பழைய துண்டு. அதை இனி நான் தோள்ல போட்டுக்கவா போறேன்?

இல்ல, இல்ல, இருங்க! எடுத்துக் கொடுத்துருங்க தம்பி. இதே வண்டிதானே திரும்பிப் போகும். யாராவது ஏறிப் பார்த்துட்டு, ஆள் வருதுன்னு நினைச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே போவாங்க.